கண்ணாடிச் சுவரில் டால்பின்கள்

அனகாபுத்தூரில் எங்கள் பெரியத்தா வீட்டுக்கு யார் போனாலும், குடிக்கத் தண்ணீர் கிடைப்பதற்கு முன்னால் சரித்திரம் கிடைத்துவிடும். பெரியத்தா என்றால் எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், மூத்த அண்ணன். வந்தவர் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் அவர் தோளில் கை போட்டு, "மேல பாருங்க" என்பார். வந்தவர் பாவம், மேலே பார்ப்பார். தேக்குக் கட்டைகள் வரிசையாக ஓடும். கட்டைகளுக்கு மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டு மூடிய மெட்ராஸ் டெரஸ் கூரை. "இந்தக் கட்டை பர்மாவுலேர்ந்து கப்பல்ல வந்தது" என்று ஆரம்பித்தாரானால், முடிவதற்குள் வந்தவருக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் என்று ஒருவரையும் அவர் விட்டதில்லை. சிலிண்டர்காரர் மட்டும் ஒருமுறை பொறுமையிழந்து, "பாய், இன்னும் பத்து வூடு கீது. கட்டைய அப்பால பாக்கறேன், இத எங்க எறக்கட்டும் சொல்லு" என்றார். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு சிலிண்டர் தாமதமாகத்தான் வந்தது.

வீட்டைக் கட்டியவர் பெரியத்தாவின் பாட்டனார். பம்மல் பக்கம் தோல் பதனிடும் தொழில் கொழித்த காலத்தில் தோல் ஏற்றுமதி செய்தவர். இதுவரைக்கும் உண்மை. இதற்கு மேல் பெரியத்தா சொன்னதெல்லாம் அன்றன்றைய உற்சாகத்தைப் பொறுத்தது. ஒரு வாரம் ஒரு வெள்ளைக்காரத் துரை அங்கே ஓர் இரவு தங்கினார். மறுவாரம் அதே துரை மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தார். அதற்கடுத்த வாரம் துரையைக் காணோம், நவாப் வீட்டு மருமகன் வந்து குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போனார். "போன வாரம் துரைன்னு சொன்னீங்களே பெரியத்தா" என்று நான் கேட்டால், "அவரும்தான் வந்தாரு" என்பார். அவரோடு யார் பேசி ஜெயிப்பது?

ஊருக்குள்ளும் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற சரித்திரக் கட்டடங்கள் இருந்தன. ஆற்றங்கரையில் பாதி இடிந்து நின்ற ஒரு புகைபோக்கி, தறிக்காரர்கள் தெருவில் ஓடு சரிந்த நீளக் கொட்டகை, வாயில் அரசங்கன்று முளைத்த கிணறு. பெருநாளன்று மற்ற வீட்டுப் பிள்ளைகளை பீச்சுக்கோ வண்டலூருக்கோ கூட்டிப் போவார்கள். எங்களைப் பெரியத்தா புதுத் துணியோடு புகைபோக்கிக்குக் கூட்டிப் போவார். அதன் நிழலில் வரிசையாக நிறுத்தி, "இது எத்தனை அடி உயரம், சொல்லுங்க பாப்போம்" என்பார். யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. திரும்பி வரும்போது பாவாடையெல்லாம் நாயுருவி ஒட்டியிருக்கும். அதற்கு அம்மாவிடம் திட்டு வாங்குவது மட்டும் நாங்கள்.

ஆனால் அந்த வீட்டில் பெரியத்தாவின் கற்பனை கலக்காத ஒன்று இருந்தது. ஹாலின் கிழக்குச் சுவர். கிளிஞ்சல் சுண்ணாம்பை மை போல அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் நாள் கணக்கில் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. எந்தக் கோடையிலும் தொட்டால் சில்லென்றிருக்கும். எதிரே நின்றால் முகம் மங்கலாகத் தெரியும். வீட்டில் அதற்குக் கண்ணாடிச் சுவர் என்று பெயர். அதற்கென்று சட்டதிட்டங்கள் இருந்தன. தலை எண்ணெய் படும், சாயக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. காலண்டர் மாட்டக் கூடாது. பீரோவை ஒட்டி வைக்கக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரியம்மா வெள்ளிக்கிழமைதோறும் அதை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சுவர் பளபளவென்று இருந்ததற்கு பெரியத்தா தன் பாட்டனாரைத்தான் புகழ்வார்.

மழை வந்துவிட்டால் அந்த வீட்டின் வண்டவாளம் தெரிந்துவிடும். சமையலறையில் இருக்கிற பாத்திரமெல்லாம் ஹாலுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். நடுக் கட்டைக்குக் கீழே பிரியாணி தேக்சா, ஜன்னலோரம் இட்லிக் குண்டான், கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி. எது எங்கே என்று பெரியம்மாவுக்கு மனப்பாடம். மேற்குச் சுவர் ஊறிப் போய் அப்பளம் போலப் பொரிந்து உதிரும். "இத்தினி வருஷத்துக் கூரை, கொஞ்சம் கசியத்தான் செய்யும்" என்று பெரியத்தா கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து சொல்வார். நிரம்பிய தேக்சாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவது அவர் இல்லையே.

அதைவிடக் கொடுமை கக்கூஸ். சமையல்கட்டைத் தாண்டி, கிணற்றடியைத் தாண்டி, கொல்லைக் கோடியில் தகரக் கதவோடு இருந்தது. நான் ஐந்தாவது படித்த வருட மழையில் பெரியம்மா குடையோடு அங்கே போகும்போது பாசியில் வழுக்கி விழுந்து, இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்து, மாசக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். எழுந்த பிறகு நடை விந்தலாகிவிட்டது. மழைக்காலத்தில் பெரியம்மா பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிக்க மாட்டார். நாள் முழுக்க நோன்பிருந்து திறக்கும்போதுகூட ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிடுவார். பெரியம்மாவுக்குத் தாகமே எடுக்காது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் எங்கள் அத்தாவுக்கும் பங்கு உண்டு. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை திரும்பிய பக்கமெல்லாம் ஃப்ளாட்டுகள் எழும்பிய காலம் அது. ஒரு பில்டர் வந்து, இந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினால் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று சொல்லியிருந்தார். சிட்லபாக்கத்தில் வாடகை வீட்டில் குழாய்ச் சண்டையோடு குடித்தனம் நடத்திய எங்கள் அம்மாவுக்கு அந்த ஃப்ளாட் கனவிலேயே வந்துகொண்டிருந்தது. பெரியத்தா அசையவில்லை. "என் மையித்து இந்த வாசப்படிய தாண்டினதுக்கப்புறம் இடிச்சிக்கோ" என்றுவிட்டார். அத்தா கோபித்துக்கொண்டு கிளம்புவார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்து அதே பேச்சை அதே இடத்திலிருந்து தொடங்குவார். பெரியம்மாவிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அவர் இருவருக்கும் டீ கொடுப்பார்.

இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான், நான் ஆறாவது படித்த வருடம், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற ஒரு குழுவிலிருந்து கதர்ப் புடவை கட்டிய ஒரு மேடம் அனகாபுத்தூர் வந்தார். ஆற்றங்கரைப் புகைபோக்கியைப் படம் எடுக்கத்தான் வந்தார். பெரியத்தா அவரைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். வழக்கம்போல "மேல பாருங்க" என்றார். ஆனால் மேடம் மேலே பார்க்கவில்லை. கண்ணாடிச் சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். பிறகு கைப்பையைக் கீழே வைத்து, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்.

"சார், இவ்ளோ நல்லா இருக்கிற சுவரு இந்தப் பக்கத்துல நான் பாத்ததே இல்ல. இது ஒண்ணு போதும். இந்த வீட்டைப் பாரம்பரியக் கட்டடம்னு அறிவிக்க வெச்சிடலாம். அப்புறம் ஒருத்தரும் கை வைக்க முடியாது."

பெரியத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாளில் முதல் முறையாக ஒருவர் தன்னைவிட அதிகமாக அந்தச் சுவரை மதித்துவிட்டாரே. பெருநாள் முடிந்ததும் முடிவெடுக்கக்கூடிய பெரிய சாரை அழைத்து வருவதாக மேடம் சொன்னார். எல்லாம் கூடி வந்தால் வாசலில் பித்தளைப் பலகை பதிப்பார்களாம். பலகையின் மேல் போட்ட துணியை நான்தான் விலக்க வேண்டும் என்று பெரியத்தா அங்கேயே அறிவித்தார். மறுநாள் என் வகுப்பு முழுக்க அந்தச் செய்தி பரவியது. பரப்பியது நான்தான்.

அன்றைக்குப் பெரியம்மா டீத் தட்டோடு வந்து நின்று, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, அப்பிடி அறிவிச்சிட்டாங்கன்னா, கக்கூஸ உள்ள கட்டிக்கலாமாம்மா?"

மேடம் நல்லவர். பொறுமையாகத்தான் சொன்னார். "கட்டக்கூடாதும்மா. ஒரிஜினல் அமைப்பு மாறிடும் இல்லையா? எல்லாம் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும். இப்படி ஒரு வீட்ல வாழக் குடுத்து வெச்சிருக்கணும் நீங்க."

"பாத்தீங்களா மேடம்! ஊரே சரித்திரத்த கேக்குது, இவ கக்கூஸ கேக்கறா" என்று பெரியத்தா தொடையைத் தட்டிச் சிரித்தார். மேடம் சிரித்தார். அத்தாகூட அன்றைக்கு இருந்த எரிச்சலையும் மீறிச் சிரித்துவிட்டார். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன். பெரியம்மாவும் சிரித்துக்கொண்டே காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வருடம் நோன்பும் மழையும் தீபாவளியும் ஒன்றாக வந்து சேர்ந்தன. ரமலானின் கடைசிப் பத்து நாளும் பெரியத்தா வருடா வருடம் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருப்பார். அதாவது, வீட்டுப் பக்கமே வராமல், பள்ளிவாசலின் ஒரு மூலையில் வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டிக்கொண்டு, தொழுகையும் ஓதலுமாக அங்கேயே தங்குவது. பிறை தெரிந்த பிறகுதான் வெளியே வருவார்கள். அதுவரை சாப்பாடு வீட்டிலிருந்து போக வேண்டும். பெரியம்மாவின் மகள் ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். பெரியம்மாவால் விந்திக்கொண்டு சேற்றுத் தெருவில் நடக்க முடியாது. தீபாவளி லீவோடு மழை லீவும் சேர்ந்துகொண்டதால், அடுக்கு கேரியர் தூக்க என்னைச் சிட்லபாக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். என்னைக் கேட்டா செய்தார்கள்?

பெரியத்தா படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போன மறுநாள் காலையில், பெரியம்மாவின் தம்பி ஒரு தட்டு வண்டியில் அட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். அவருக்குக் குரோம்பேட்டையில் டைல்ஸ் கடை. எங்களுக்கெல்லாம் டைல்ஸ் மாமா. கூடவே ஒரு கொத்தனார். மழையில் வெளிவேலை எதுவும் இல்லாததால் கூப்பிட்டதும் வந்துவிட்டாராம். பெருநாளைக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். இந்தத் தடவை வெள்ளைக்குப் பதில் டைல்ஸ் என்றார் பெரியம்மா. மாமா ஒரு பெட்டியைப் பிரித்தார். நீல நிறத்தில் கடல், அலைக்கு மேலே துள்ளுகிற டால்பின், அதன் மூக்கு நுனியில் ஒரு சிவப்புப் பந்து.

"பாத்ரூமுக்குன்னு எடுத்தது, குரோம்பேட்டையில ஒருத்தன் சீண்டல" என்றார் மாமா. "அக்கா, நல்லா யோசிச்சியா? ஹாலுக்கா இது?"

"எவ்ளோ அழகா கீது! நீ ஒட்டச் சொல்லுடா" என்றார் பெரியம்மா.

எனக்கு வாயெல்லாம் பல். பதினோரு வயதில் டால்பினைப் பிடிக்காதவர்கள் யார்? கொத்தனார் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொரிந்து கிடந்த மேற்குச் சுவரிடம் போய் நின்றார். "இந்தப் பக்கந்தானம்மா?" என்றார். நானும் அந்தப் பக்கம்தான் என்று நினைத்தேன். பெரியம்மா கண்ணாடிச் சுவரைக் காட்டினார். "இதுக்குத்தான். பெட்டி இதுக்குத்தான் பத்தும்."

"இதுல வேல ஒண்ணுமே இல்லியேம்மா, நல்லா வழவழன்னு கீதே."

"பெரியம்மா, ஒழுகற சுவரு அந்தப் பக்கம்" என்று நானும் சொன்னேன்.

"வர்றவங்க பாக்கறது இந்தச் சுவத்ததானே கண்ணு" என்றார் பெரியம்மா.

வழவழப்பான சுவரில் சிமெண்ட் பிடிக்காதாம். அதனால் முதலில் கொத்தனார் சுத்தியலும் உளியுமாகச் சுவர் முழுக்க அம்மைத் தழும்பு போலக் கொத்தித் தள்ளினார். ஹால் முழுக்க வெள்ளைப் புழுதி. மாமா இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டார். பெரியம்மா முக்காட்டை மூக்கை மறைத்துக் கட்டிக்கொண்டு, கொத்தி முடிக்கும் வரைக்கும் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சமையல்கூட அன்றைக்குத் தாமதமாகத்தான் ஆரம்பித்தார்.

அன்று மாலை நான் கேரியரோடு கிளம்பும்போது பெரியம்மா என்னைப் பிடித்து நிறுத்தினார். "இஃதிகாஃப்ல இருக்கறவங்க கிட்ட துனியா பேச்சு பேசக்கூடாது கண்ணு. வூட்டு விசயம் எதுவும் சொல்லாத. அவங்க இபாதத்து கெட்டுப் போயிடும்." வீட்டுச் செய்தி காதில் விழுந்தால் பெரியத்தாவின் வணக்கம் பாழாகிவிடும் என்று எனக்கு நிஜமாகவே பயமாகிவிட்டது.

ஆனால் அந்த மனிதர் சும்மா இருந்தால்தானே! பள்ளிவாசல் கதவுக்கு உட்புறம் நின்று கேரியரை வாங்கிக்கொண்டே, தினமும் குரலைத் தாழ்த்தி அவரே கேட்பார். "சுவத்துல யாரும் ஆணி கீணி அடிக்கலியே?"

"ஆணி அடிக்கல பெரியத்தா."

"யாரும் சாயலியே?"

"சாயல பெரியத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று திருப்தியாகத் திரைக்குள் போய்விடுவார். பெரியம்மாவின் இடுப்பு வலி எப்படியிருக்கிறது, கூரை எங்கெல்லாம் ஒழுகுகிறது, நான் முழங்கால் தண்ணீரில் எப்படி வந்தேன் என்று ஒரு நாள் கேட்டிருப்பாரா? ஒரு கையில் குடை, ஒரு கையில் கேரியர், செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு வார் அறுந்துவிட்டது. அந்தச் சுவருக்கு இருந்த மரியாதை எங்கள் யாருக்கும் இல்லை.

பிறை தெரிந்தது. மக்ரிப் தொழுகை முடித்துக்கொண்டு பெரியத்தா படுக்கைச் சுருளைக் கக்கத்தில் இடுக்கியபடி, பத்து நாள் ஓதிய களையோடு வந்தார். தெருவில் வந்தவர் போனவருக்கெல்லாம் சலாம் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் அத்தாவும் அம்மாவும் பெருநாளுக்காக வந்து ஹாலில் டைல்ஸ் மாமாவோடு உட்கார்ந்திருந்தார்கள். பெரியத்தா உள்ளே நுழைந்தார். ஹாலின் கிழக்குப் பக்கம் முழுக்க டால்பின்கள். கீழேயிருந்து மேலே வரைக்கும், எல்லாம் ஒரே திசையில், எல்லாம் மூக்கில் பந்தோடு, டியூப்லைட் வெளிச்சத்தில் துள்ளிக்கொண்டிருந்தன.

படுக்கைச் சுருள் கீழே விழுந்தது. "சுவரு எங்க?" என்றார்.

"உள்ளதாங்க கீது. மேல டைல்ஸ் ஒட்டிக்கீறேன்" என்றார் பெரியம்மா.

அவர் கத்துவார் என்று எல்லாரும் காத்திருந்தோம். கத்தவில்லை. கிட்டே போய் டைல்ஸ் இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். "கொத்திட்டாங்களா?" என்று கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். "ஆமா பெரியத்தா, நல்லா கொத்தினாங்க, ஒரு எடம்கூட விடல." வேலை சுத்தமாக நடந்ததைச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெருநாளைக்கு எங்களை யாரும் புகைபோக்கிக்குக் கூட்டிப் போகவில்லை.

பெருநாள் கழித்து மேடமும் பெரிய சாரும் வந்தார்கள். வராதீர்கள் என்று சொல்லப் பெரியத்தாவுக்கு மனம் வரவில்லை. எப்படியாவது டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் பழையபடி ஆக்க வழியிருக்கும் என்று நம்பினார். பெரிய சார் ஒரு மூலையில் ஒற்றை டைல்ஸைப் பெயர்க்கச் சொன்னார். அதோடு சேர்ந்து சுண்ணாம்பும் கொத்தாக வந்து தரையில் விழுந்து உடைந்தது. மேடம் அந்தத் துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். பெரிய சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப காட்டறதுக்கு ஒண்ணுமில்லீங்களே பாய்" என்றார்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" என்று மேடம் பெரியம்மாவைக் கேட்டார்.

பெரியம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். "பெரிய மனுசங்க வர்றீங்களே, சுவரு பழசா கீதேன்னுதாம்மா. வூட்டுக்கு ஆள் வந்தா அழகா வெக்கணும்னு தானே தோணும்? எனக்கு இன்னா தெரியும், நான் நாலாங்கிளாஸ்."

அதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்? எனக்கோ ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. பித்தளைப் பலகை போச்சு, அதன் மேல் துணி போச்சு, வகுப்பில் நான் என்ன சொல்வேன்? டால்பின்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இந்த அளவுக்கு விவரம் இல்லாத ஒரு பெரியம்மா எனக்கென்று வந்து வாய்த்தாரே என்று கொல்லையில் போய் அழுதேன். பெரியம்மா வந்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

குடும்பத்தில் அந்தக் கதை ஓயவே இல்லை. கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் யாராவது எடுப்பார்கள். பெரியம்மாவின் அப்பாவித்தனம், நாலாங்கிளாஸ், மூக்கில் பந்து என்று வரிசையாக வரும். "முட்டாப் பொம்பளைய கட்டிக்கினு நான் படற பாடு" என்று பெரியத்தா முடித்து வைப்பார். எங்கள் அம்மா டால்பின் அக்கா என்றே பெயர் வைத்துவிட்டார். அந்த அம்மாதான் புது ஃப்ளாட்டில் குழாயைத் திறந்து திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டவர். கேட்கிறவர்களுக்கே சலித்துப் போனது. பெரியம்மா ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, யாருக்கு இன்னும் கொஞ்சம் பிரியாணி வேண்டும் என்று கேட்பார்.

ஆமாம், ஃப்ளாட் வந்துவிட்டது. சுவர் போன பிறகு பெரியத்தாவுக்குப் பிடிமானம் விட்டுவிட்டது. அடுத்த முறை அத்தா அதே பேச்சை எடுத்தபோது, "செய்ங்கடா, இன்னா வேணா செய்ங்க" என்று கையைத் தூக்கிவிட்டார். வீடு இடிந்தது, அடுக்குமாடி எழுந்தது. பெரியத்தா மட்டும் மாறவில்லை. வீட்டை இடித்தவர்களிடம் பர்மா தேக்கில் ஒரு கட்டையை வாங்கிக் கொண்டுவந்து புது ஹாலில் டிவிக்கு ஸ்டாண்டாக வைத்துக்கொண்டு, வருகிறவர்களை "கீழ பாருங்க" என்று பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

குடிபோன அன்று நல்ல மழை. மௌலூது ஓதி, சாப்பாடு முடிந்து, ஆண்கள் எல்லாரும் ஹாலில் டிவி ஸ்டாண்டின் சரித்திரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையில் நின்று, அதற்கும் பக்கத்திலேயே இருந்த கக்கூஸுக்குமான ஸ்விட்சுகளைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். டைல்ஸ் மாமா உள்ளே வந்து, அடுப்புக்குப் பின்னால் வெறுமையாக இருந்த சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, குடோன்ல டால்பின் இன்னும் கொஞ்சம் பெட்டி கீது. சும்மாத்தான் கெடக்குது, இங்க ஒட்டிரட்டுமா?"

பெரியம்மா முகத்தைச் சுளித்தார். "சீ, யாரு வெப்பாங்க அந்தக் கண்றாவிய! என் வூட்டுக்கு வெள்ளையா போட்டுக் குடுடா."

மாமா அக்காவையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். பெரியம்மாவும் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. "அழகா இருக்குன்னு நீங்கதானே பெரியம்மா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

பெரியம்மா என் தலையில் கை வைத்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, குடத்திலிருந்து சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டார். இருட்டிவிட்டிருந்தது, ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மா அண்ணாந்து, நிறுத்தாமல், சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். குடித்துவிட்டு இன்னொரு சொம்பு மொண்டார். பிரியாணியில் காரம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.